வாசகர் கேள்வி: நிதி மோசடிப் புலனாய்வு எப்படிப்பட்ட வேலை?

நிதி நிறுவன மோசடிகளைப் பற்றி நாம் வெளியிட்ட கட்டுரைக்குப் பிறகு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, அந்த வழக்குகளைப் புலனாய்வு செய்யும் காவல்துறைப் பிரிவைப் பற்றியே கேட்டிருந்தன. தமிழ்நாடு காவல்துறையின் பொருளாதாரக் குற்றப் பிரிவில் பல ஆண்டுகள் பணியாற்றி, துணைக் கண்காணிப்பாளராக ஓய்வுபெற்ற ஒருவர் இந்த இதழில் பதிலளிக்கிறார். அவருடைய விருப்பப்படி அவர் பெயரைத் தவிர்த்திருக்கிறோம். கேட்டவர்களின் பெயர்களையும் அவ்வாறே.

கேள்வி: நான் பி.காம். இறுதியாண்டு மாணவி. பொருளாதாரக் குற்றப் பிரிவில் வேலை செய்ய வேண்டும் என்பது என் விருப்பம். இதற்கென்று நேரடித் தேர்வு உண்டா? வணிகவியல் படிப்பு உதவுமா? “பெண்ணுக்கு இந்த வேலை எதற்கு?” என்று வீட்டில் கேட்கிறார்கள். என்ன பதில் சொல்வது?
(வாசகி, பொள்ளாச்சி)

நேரடித் தேர்வு இல்லையம்மா. இந்தப் பிரிவில் இருக்கும் ஆய்வாளர்களும் துணைக் கண்காணிப்பாளர்களும் காவல்துறையின் பொதுவான வழியில் வந்து, பிறகு இங்கே மாற்றப்பட்டவர்கள். பட்டதாரிகள் சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் நடத்தும் தேர்வின் மூலம் உதவி ஆய்வாளராகலாம், டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1 தேர்வின் மூலம் நேரடியாகத் துணைக் கண்காணிப்பாளராகலாம். எந்த வழியில் வந்தாலும் ஊனமாஞ்சேரியில் உள்ள காவலர் உயர் பயிற்சியகத்தில் பயிற்சி முடித்து, சட்டம் ஒழுங்குப் பணியில் சில ஆண்டுகள் கழித்த பிறகே இந்தப் பிரிவுக்கு வர முடியும். அந்த ஆண்டுகளை வீணென்று எண்ணாதீர்கள். சாலை விபத்துக்கு ஒரு மகஜரை, அதாவது சாட்சிகள் முன்னிலையில் கண்டதை எழுதும் பதிவை, பிழையின்றி எழுதப் பழகியவர்தான், நாளை ஒரு நிறுவனத்தின் பெட்டகத்தைத் திறந்து அதிலிருப்பதை நீதிமன்றம் ஏற்கும்படி எழுதுவார்.

காவல்துறையே வேண்டாம், கணக்கோடு இருந்தால் போதும் என்றால் வேறு வாசல்களும் உண்டு. குரூப் 2 தேர்வின் வழியாக வணிகவரித் துறைக்கும் கூட்டுறவுத் தணிக்கைத் துறைக்கும் செல்லலாம். மத்திய அரசின் எஸ்.எஸ்.சி. பட்டதாரித் தேர்வின் வழியாக சி.பி.ஐ. உதவி ஆய்வாளராகவோ, அமலாக்கத் துறையில் உதவி அமலாக்க அலுவலராகவோ சேரலாம். பட்டயக் கணக்காளராகிவிட்டால், எங்களைப் போன்றவர்கள் கைப்பற்றும் கணக்குகளில் மோசடியின் தடயத்தைத் தேடும் தடயத் தணிக்கை நிபுணராக வந்து, நீதிமன்றத்தில் சாட்சியும் சொல்லலாம்.

வணிகவியல் நிச்சயமாக உதவும். நான் வரலாறு படித்தவன். பேரேட்டைப் படிப்பது எப்படி என்பதை, என் முதல் வழக்கில் தணிக்கை செய்ய வந்த கணக்காளரின் பக்கத்தில் இரண்டு மாதம் உட்கார்ந்துதான் கற்றுக்கொண்டேன். நீங்கள் அந்த இரண்டு மாதத்தை முன்னதாகவே கடந்திருப்பீர்கள்.

வீட்டாரின் கேள்விக்கு என் அனுபவத்தையே பதிலாகச் சொல்கிறேன். நிதி நிறுவனங்களில் பணம் கட்டிய பெண்களில் பலர், கணவருக்குத் தெரியாமல் நகையை அடகு வைத்தோ, மகளிர் குழுவில் கடன் எடுத்தோ கட்டியவர்கள். என் எதிரே உட்கார்ந்து “இரண்டு லட்சம் சார்” என்று சொன்ன ஒரு பெண், அதே அறையில் இருந்த பெண் ஆய்வாளரிடம் தனியாகப் பேசும்போது ஆறு லட்சம் என்றார். அந்த நான்கு லட்சமும் என் கோப்பில் வராமலே போயிருக்கும். இந்தப் பிரிவுக்குப் பெண் அதிகாரிகள் இன்றியமையாதவர்கள் என்பதில் எனக்கு எள்ளளவும் ஐயமில்லை.

கேள்வி: எங்கள் ஊர் ஈமு கோழிக்குப் பெயர் பெற்றுக் கெட்ட ஊர். ஒரு புகார் வந்தபின் நீங்கள் உண்மையில் என்னதான் செய்கிறீர்கள்? ஆளைப் பிடித்து இரண்டு தட்டு தட்டினால் பணம் எங்கே என்று சொல்லிவிட மாட்டானா?
(வாசகர், பெருந்துறை)

உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் அடிபட்டவன் சொல்லும் சொத்துப் பட்டியல் நீதிமன்றத்தில் ஒரு காகிதத்தின் பெறுமானம்கூடப் பெறாது. காவல் அதிகாரியிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியமாகாது என்பது இந்த நாட்டின் பழைய சட்டம். பணத்தின் தடம் ஆளிடம் இருப்பதைவிட வங்கியிலும் சார்பதிவாளர் அலுவலகத்திலும்தான் தெளிவாக இருக்கிறது. இந்தப் பணியில் ஒருவரைக் கைது செய்வது எளிது. அவர் வாங்கிய பணம் கைமாறிக் கரைவதற்கு முன்னால் அதை நின்ற இடத்தில் நிறுத்தி வைப்பதுதான் கடினம். எங்கள் வேலை என்று நான் கருதுவதும் அதைத்தான்.

வழக்குப் பதிவானதும் முதலில் வங்கிகளுக்குக் கடிதம் போகும். நிறுவனத்தின் பான் எண்ணைக் கொண்டு கணக்குகளைக் கண்டுபிடித்து முடக்க வேண்டும். முடக்கியதை உடனே நீதிமன்றத்துக்கும் தெரிவிக்க வேண்டும். நிறுவனத்தின் பெயரில் இருப்பது பெரும்பாலும் வெறும் வாசல் கணக்கு. பணம் அங்கே வந்து, இயக்குநரின் மனைவி, மைத்துனர், ஓட்டுநர் என்று பிரிந்து போயிருக்கும். எனவே ஒவ்வொரு கணக்கிலிருந்தும் அடுத்த கணக்குக்கு, அதிலிருந்து அதற்கடுத்ததற்கு என்று பின்தொடர்ந்துகொண்டே இருக்க வேண்டும். எங்கே ரொக்கமாக எடுக்கப்பட்டதோ அங்கே தடம் மங்கும். அந்தத் தேதியை ஒட்டி எந்த ஊரில் எந்தப் பத்திரம் பதிவாகியிருக்கிறது என்று பார்த்தால், பல நேரங்களில் மீண்டும் தெரியும்.

இதில் நான் செய்த ஒரு தவறைச் சொல்ல வேண்டும். ஒரு வழக்கில் நிறுவனத்தின் பங்குதாரருக்குச் சொந்தமான நிலங்களுக்கு வில்லங்கச் சான்று வாங்கி, சொத்து அவர் பெயரிலேயே இருப்பதைப் பார்த்து நிம்மதியாகப் பட்டியல் தயாரித்துக்கொண்டிருந்தேன். சான்று பெற்ற நாளுக்கும் பதிவுத் துறைக்குத் தடை கோரி நான் எழுதிய நாளுக்கும் இடையே பத்து நாள் இடைவெளி. அந்தப் பத்து நாளில், சொத்தை அவர் சார்பில் விற்கப் பொது அதிகார ஆவணம் (பவர்) பெற்றிருந்த உறவினர் ஒருவர் இரண்டு கிரயப் பத்திரங்களைப் பதிவு செய்து முடித்துவிட்டார். கெட்ட நோக்கத்தோடு கைமாற்றிய சொத்தையும் மீட்கச் சட்டத்தில் வழி உண்டு. ஆனால் வாங்கியவர் எல்லாம் தெரிந்தே வாங்கினார் என்று மெய்ப்பிக்க எங்களுக்கு ஆண்டுக்கணக்கானது. தடை கோரும் கடிதத்தை முதல் நாளே அனுப்பியிருந்தால் அத்தனை முதலீட்டாளர்களும் அவ்வளவு காலம் காத்திருக்க நேர்ந்திராது. அதன் பிறகு என் கீழ் வேலை பார்த்த எவரையும் முதல் நாள் மாலைக்குள் அந்தக் கடிதத்தில் கையெழுத்து வாங்காமல் வீட்டுக்கு அனுப்பியதில்லை.

அடுத்தது சோதனை. இப்போது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா நடைமுறைக்கு வந்தபின், சோதனையையும் கைப்பற்றுதலையும் காணொளியாகப் பதிவு செய்ய வேண்டும். கணினியிலும் கைப்பேசியிலும் இருக்கும் விவரங்களுக்கு உரிய சான்றிதழ் இல்லாவிட்டால், எவ்வளவு பெரிய ஆதாரமும் நீதிமன்றத்தில் நிற்காது. நிறுவனத்தின் கணினிக் கணக்கை மட்டும் நம்பக் கூடாது. அது வெளியில் காட்டுவதற்காக எழுதப்பட்டது. என் வழக்குகளில் பெரிதும் உதவியவை கையால் எழுதிய நோட்டுகள்தாம். ஏஜெண்டு ஒருவரின் வீட்டில், மகனின் பழைய பள்ளி நோட்டின் பின்பக்கங்களில், பணம் கட்டியவர் பெயர், தொகை, தனக்குரிய கமிஷன் விகிதம், அதைப் பெற்ற தேதி என எல்லாம் ஒழுங்காக எழுதப்பட்டிருந்தன. “கமிஷனே கொடுத்ததில்லை, இவர்கள் எல்லாம் தாமாக வந்து கட்டியவர்கள்” என்ற நிறுவனத்தின் வாதம் அந்த நோட்டோடு முடிந்தது.

பிறகு கணக்கு. உங்கள் ஊர் எடுத்துக்காட்டையே எடுத்துக்கொள்வோம். பெருந்துறையில் 2012இல் சுசி ஈமு நிறுவனம் முடங்கியபோது நாடு முழுக்கத் தெரிய வந்த திட்டம் இது: ஒன்றரை லட்ச ரூபாய் கட்டினால் ஆறு ஈமு குஞ்சுகளும் தீவனமும் தருவார்கள், வளர்ப்புச் செலவுக்கென்று மாதம் 6,000 ரூபாய், ஆண்டு ஊக்கத்தொகையாக 20,000 ரூபாய். ஆண்டுக்கு 92,000 ரூபாய். ஒன்றரை லட்சத்துக்கு அது 61 விழுக்காட்டுக்கும் மேல். இந்தப் பணம் எங்கிருந்து வர முடியும் என்பதே புலனாய்வு அதிகாரி கேட்க வேண்டிய முதல் கேள்வி. இறைச்சியும் எண்ணெயும் விற்ற வருமானம் எவ்வளவு, புதிதாகக் கட்டியவர்களின் பணம் எவ்வளவு என்று இரண்டு பத்திகளாகப் பிரித்து எழுதினால், பழையவர்களுக்குக் கொடுத்த மாதத் தொகை எந்தப் பத்தியிலிருந்து போனது என்பது தானாகத் தெரிந்துவிடும். தொழில் நொடித்துப் போனதற்கும் தொடக்கத்திலிருந்தே மோசடி செய்ததற்கும் உள்ள வேறுபாட்டை இந்த இரு பத்திகள்தாம் நீதிமன்றத்துக்குக் காட்டும். அந்த வழக்கில் நிறுவனத்தின் தலைவருக்குக் கோவைச் சிறப்பு நீதிமன்றம் பத்தாண்டுச் சிறைத் தண்டனை விதித்தது.

ஈமு வழக்குகளில் வேறு எந்த வழக்கிலும் இல்லாத ஒரு துன்பம் இருந்தது. கைவிடப்பட்ட பண்ணைகளில் பறவைகள் பசியால் செத்துக்கொண்டிருந்தன. கால்நடை பராமரிப்புத் துறை தீவனம் போட வேண்டியதாயிற்று. நிலமோ நகையோ ஜப்தி செய்தபின் சும்மா இருக்கும். உயிருள்ள சொத்து ஒவ்வொரு நாளும் தின்னும், நோய்ப்படும், மதிப்பிழக்கும். சட்டப் புத்தகத்தில் இதற்கு விடை தேடி ஒரு துறையே திணறியதை எங்கள் பிரிவில் இன்றும் நினைவுகூர்வார்கள்.

கடைசியாக வாக்குமூலங்கள். ஆருத்ரா நிதி நிறுவன வழக்கில் ஏறத்தாழ 1,09,000 பேரிடம் 2,438 கோடி ரூபாய் பெறப்பட்டதாகக் காவல்துறை கூறியது. இந்த அளவில் ஒரு வழக்கு என்றால், ஒவ்வொருவரின் ரசீதையும் வங்கிப் பதிவோடு ஒப்பிட்டு, ஒரே தொகை இருமுறை எழுதப்பட்டிருக்கிறதா, முதிர்வுத் தொகையைக் கையில் வாங்காமல் மறுபடியும் அதிலேயே போட்டதாகப் புது பாண்டு (முதலீட்டுப் பத்திரம்) எழுதிக் கொடுத்தார்களா என்றெல்லாம் பார்க்க வேண்டும். ஐந்து லட்சத்துக்குப் பாண்டு இருக்கும். உண்மையில் உள்ளே வந்த பணம் இரண்டு லட்சமாக இருக்கும். ஒரு நாளைக்கு முப்பது வாக்குமூலம் எழுதினாலும் எத்தனை நாளாகும் என்பதை நீங்களே கணக்கிட்டுக் கொள்ளலாம்.

கேள்வி: ஓய்வூதியப் பணத்தை ஒரு நிறுவனத்தில் போட்டு இழந்தவன் நான். வழக்குப் பதிவாகி ஆண்டுகள் ஆகின்றன. குற்றவாளிகள் ஜாமீனில் வெளியே நடமாடுகிறார்கள். எங்களுக்கு ஒரு ரூபாய்கூட வரவில்லை. உங்கள் துறை தூங்குகிறதா?
(வாசகர், வேலூர்)

ஐயா, நீங்கள் கேட்பதற்கு முழு உரிமை உண்டு. எங்கள் பிரிவில் ஆள் பற்றாக்குறையும் காலதாமதமும் உண்டு என்பதை மறைக்க மாட்டேன். ஆனால் காலதாமதம் அனைத்தும் தூக்கத்தால் வருவதல்ல. எந்தப் படியில் உங்கள் வழக்கு நிற்கிறது என்று தெரிந்தால் நீங்கள் யாரிடம் கேட்க வேண்டும் என்பதும் தெரியும்.

1990களில் கூடுதல் வட்டி ஆசை காட்டிய ஃபைனான்ஸ் கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கவிழ்ந்தபோது, மோசடி செய்தவரைச் சிறைக்கு அனுப்பத்தான் பழைய சட்டத்தில் வழி இருந்தது. பணத்தைத் திருப்பித் தர வழி இல்லை. அதற்காகவே தமிழ்நாடு முதலீட்டாளர் நலன் பாதுகாப்புச் சட்டம் 1997இல் இயற்றப்பட்டது. டி.என்.பி.ஐ.டி. சட்டம் என்று நீதிமன்றங்களில் சொல்வார்கள். பணத்தைத் திருப்பித் தரத் தவறினால் பத்தாண்டு வரை சிறை, முன்ஜாமீனுக்கு இடமில்லை, சொத்துகளை அரசு ஜப்தி செய்து, சிறப்பு நீதிமன்றத்தின் மூலம் விற்று, பணம் கட்டியவர்களுக்குப் பகிர்ந்து தரலாம். இப்படியொரு சட்டம் இயற்ற மாநிலத்துக்கு அதிகாரம் உண்டா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. பாஸ்கரன் வழக்கில் 2011 மார்ச்சில் அந்த நீதிமன்றம் சட்டத்தை உறுதி செய்தது. மகாராஷ்டிரத்தின் இதே போன்ற சட்டத்தை மும்பை உயர் நீதிமன்றம் முன்பு செல்லாது என்று சொல்லியிருந்தது. அந்தக் கருத்தும் தவறென்று அப்போதே சொல்லப்பட்டது. பிற மாநிலங்களின் வழக்கறிஞர்கள் இன்றும் இந்தத் தீர்ப்பை மேற்கோள் காட்டுவதைக் காணும்போது, நம் மாநிலம் இதில் முன்னோடியாக இருந்தது குறித்து எனக்கு உண்மையான பெருமை உண்டு.

இந்தச் சட்டப்படி பணம் உங்கள் கைக்கு வரும் பாதை நீளமானது. நாங்கள் கண்டறிந்த சொத்துப் பட்டியல் அரசின் உள்துறைக்குச் செல்லும்; உள்துறை இடைக்கால ஜப்தி ஆணை பிறப்பிக்கும். அந்தச் சொத்து, தகுதி வாய்ந்த அதிகாரியான மாவட்ட வருவாய் அலுவலரின் பொறுப்புக்கு வரும். அவர் சென்னை, கோவை, மதுரை ஆகிய ஊர்களில் உள்ள சிறப்பு நீதிமன்றங்களில் உரியதொன்றை அணுகி ஆணையை உறுதி செய்யக் கோருவார். அங்கே சொத்துக்குச் சொந்தம் கொண்டாடும் ஒவ்வொருவரும் ஆட்சேபம் தெரிவிக்கலாம். வங்கிகள் தங்கள் அடமானத்தைக் காட்டி முன்னுரிமை கோருவார்கள். இவற்றையெல்லாம் கேட்டு முடித்த பிறகே ஏலம், ஏலத்துக்குப் பிறகே பகிர்வு. உங்கள் சங்கத்தின் சார்பில் பொருளாதாரக் குற்றப் பிரிவு அலுவலகத்துக்கு மட்டும் அலைந்துகொண்டிருக்கிறீர்கள் என்று கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். ஜப்தி ஆணை வெளிவந்துவிட்டதா, அது உறுதி செய்யப்பட்டதா என்று மாவட்ட வருவாய் அலுவலரிடமும் கேளுங்கள்.

ஜாமீனைப் பற்றி ஒன்று. பத்தாண்டு வரை நீளக்கூடிய தண்டனை வேறு, பத்தாண்டுக்குக் குறையாத தண்டனை வேறு என்று 2017இல் ராகேஷ் குமார் பால் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியது. முதல் வகைக் குற்றம் மட்டும் என்றால், கைதான 60 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகாவிட்டால் ஜாமீன் பெறுவது கைதானவரின் உரிமை. ஆயுள் தண்டனை வரை விதிக்கக்கூடிய பிரிவுகளும் பொருந்தினால் 90 நாள். பல்லாயிரம் பேர் பணம் கட்டிய வழக்கில் இந்த நாட்களுக்குள் தணிக்கை அறிக்கையோடு குற்றப்பத்திரிகையை முடிப்பது எவ்வளவு கடினம் என்பது, மேலே சொன்ன வாக்குமூலக் கணக்கிலிருந்தே விளங்கும். அதனால்தான் அனுபவமுள்ள அதிகாரிகள், கைது செய்ய அவசரப்படாமல் முதலில் ஆவணங்களைச் சேர்ப்பார்கள். வெளியே இருந்து பார்ப்பவர்களுக்கு அது சலுகையாகத் தோன்றும், தொலைக்காட்சிகள் “ஏன் இன்னும் கைது இல்லை?” என்று கேட்கும். அந்த அழுத்தத்துக்குப் பணிந்து முன்கூட்டியே கைது செய்து, அறுபத்தொன்றாம் நாள் அவர் மாலையோடு வெளியே வருவதைப் பார்த்த வழக்குகளும் உண்டு.

திருப்பூர் பாசி நிறுவன வழக்கு உங்களுக்கு நினைவிருக்கலாம். 2009இல் வெடித்தது, பின்னர் சி.பி.ஐ.க்கு மாற்றப்பட்டது; 930 கோடி ரூபாய் மோசடி. 2022 ஆகஸ்டில்தான் கோவை நீதிமன்றம் இருவருக்கு 27 ஆண்டுச் சிறையும் 171.74 கோடி ரூபாய் அபராதமும் விதித்தது. பதின்மூன்று ஆண்டுகள். அதற்குள் பணம் கட்டியவர்களில் எத்தனை பேர் முதுமையடைந்தார்கள், எத்தனை பேர் இல்லாமல் போனார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் பொறுப்பதில்லை. இந்தத் தாமதத்தைச் சரி என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன்.

கேள்வி: என் தம்பி ஒரு நிறுவனத்துக்கு ஏஜெண்டாக இருந்தான். சொந்தப் பணத்தையும் போட்டிருக்கிறான். ஊரார் அவனைத்தான் பிடிக்கிறார்கள். அவன் குற்றவாளியா, பாதிக்கப்பட்டவனா?
(வாசகி, திருவண்ணாமலை மாவட்டம்)

இந்தப் பணியில் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்த கேள்வி இதுதான். நிறுவனத்தின் தலைவரை ஊரில் பாதிப்பேர் பார்த்ததே இல்லை. அவர்கள் நம்பியது உங்கள் தம்பியைப் போன்ற பக்கத்து வீட்டுப் பிள்ளையை, பள்ளி ஆசிரியரை, பால்காரரை. நிறுவனமும் அதைத் தெரிந்துதான் ஏஜெண்டுகளைத் தேர்ந்தெடுக்கிறது.

புலனாய்வில் நாங்கள் தேதிகளைப் பார்ப்போம். நிறுவனம் பணம் தரத் தவறுகிறது என்று அவருக்குத் தெரிந்த நாள் எது, அதற்குப் பிறகும் புதிதாகப் பணம் வாங்கினாரா என்பது முதல் கேள்வி. பெற்ற கமிஷன் எவ்வளவு, அது எங்கே போனது என்பது இரண்டாவது. தன் சொந்தப் பணத்தையும் தாயின் பணத்தையும் கடைசி மாதம் வரை போட்டுக்கொண்டிருந்தவரும், தவறத் தொடங்கியதும் தன் பணத்தை மட்டும் எடுத்துக்கொண்டு பக்கத்து ஊரில் ஆள் சேர்த்தவரும் ஒரே தட்டில் வைக்கப்படக் கூடாதவர்கள். ஆனால் 2019இல் மத்திய அரசு கொண்டுவந்த முறைப்படுத்தப்படாத வைப்புத்தொகைத் திட்டங்கள் தடைச் சட்டத்தின்படி, அத்தகைய திட்டத்துக்கு ஆள் பிடிப்பதே தனிக் குற்றம். ஓராண்டு முதல் ஐந்தாண்டு வரை சிறை. பணம் திரும்பி வராமல் போகும் வரை காத்திருக்கத் தேவையில்லை என்பது அந்தச் சட்டத்தின் வலிமை. எனக்குத் தெரியாது என்பது மட்டுமே தற்காப்பாகாது.

தம்பியை ஒளிந்திருக்கச் சொல்லாதீர்கள். யார் யாரிடம் எவ்வளவு வாங்கினார், யாரிடம் கொடுத்தார், கமிஷன் எந்தக் கணக்கில் வந்தது என்ற விவரங்களோடு, ஒரு வழக்கறிஞரைக் கலந்துகொண்டு, புலனாய்வு அதிகாரியிடம் அவரே முன்வந்து பேசட்டும். அவ்வாறு வந்த ஏஜெண்டுகளில் சிலர், பின்னால் வழக்கின் மிக முக்கியமான சாட்சிகளாக நின்றதை நான் கண்டிருக்கிறேன். கமிஷன் பணத்தை அவர் திருப்பி ஒப்படைக்க முன்வந்தால் அதுவும் கணக்கில் கொள்ளப்படும்.

கேள்வி: அமலாக்கத் துறை, சி.பி.ஐ. என்று பெரிய அமைப்புகள் இருக்கும்போது மாநிலப் பிரிவு எதற்கு?
(வாசகர், தஞ்சாவூர்)

அமலாக்கத் துறையின் வழக்குக்கு அடித்தளமே மாநிலக் காவல்துறை போடும் முதல் தகவல் அறிக்கையாக இருப்பது பலருக்குத் தெரிவதில்லை. சட்டவிரோதப் பணப் பரிவர்த்தனைத் தடுப்புச் சட்டத்தின்படி, முதலில் ஒரு மூலக் குற்றம் இருக்க வேண்டும். அதிலிருந்து வந்த பணத்தைத்தான் அவர்கள் தொடர முடியும். மூலக் குற்றத்திலிருந்து ஒருவர் விடுவிக்கப்பட்டால், அதை அடிப்படையாகக் கொண்ட பணப் பரிவர்த்தனை வழக்கும் நிற்காது என்று 2022 ஜூலையில் விஜய் மதன்லால் சவுத்ரி வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. மாவட்டத்தில் உட்கார்ந்து ஓர் ஆய்வாளர் எழுதும் குற்றப்பத்திரிகையில் ஓட்டை விழுந்தால், தில்லி வரை கட்டப்பட்ட கட்டடமும் சரியும். இதைவிடப் பெரிய பொறுப்பு ஓர் ஆய்வாளருக்கு என்ன இருக்க முடியும்?

கேள்வி: கைப்பேசியில் டெலிகிராம் குழு மூலம் முதலீடு செய்து நேற்று ஏமாந்தேன். உங்கள் பிரிவுக்கு எழுதலாமா?
(வாசகர், சேலம்)

எழுதி நேரத்தை வீணாக்க வேண்டாம். உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள். இணைய வழி மோசடிகள் இணையவழிக் குற்றப் பிரிவின் பொறுப்பு. பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவும் முன் நிறுத்த, முதல் சில மணி நேரமே பயன்படும்.

கேள்வி: கோடிக்கணக்கான பணம் புரளும் இடம். லஞ்சம் கொடுக்க வருவார்களே, மிரட்டல் இருக்குமே?
(வாசகர், நாகர்கோவில்)

இரண்டும் உண்டு. மிரட்டல் அரிது, ஆசை காட்டுவது அடிக்கடி. வருபவர் பணப்பெட்டியோடு வருவதில்லை. ஒரு பெயரைப் பட்டியலிலிருந்து விடுங்கள், ஒரு சர்வே எண்ணை மறந்துவிடுங்கள், ஜப்திக் கடிதத்தை அடுத்த வாரம் அனுப்புங்கள் என்றுதான் கேட்பார்கள். கேட்பது எப்போதும் சிறியதாகவே இருக்கும். அந்த ஒரு சர்வே எண் எத்தனை குடும்பத்தின் பணம் என்பதை, அன்று காலை வாக்குமூலம் எழுதிய கைக்கு நன்றாகத் தெரியும். இந்தத் துறையில் தவறியவர்களும் இருக்கிறார்கள். பணம் இழந்து வந்தவனிடமே கை நீட்டுவதைவிட இழிவானது ஒன்றும் இல்லை என்பது என் உறுதியான கருத்து. அப்படிச் செய்பவர்கள் மீது, இழந்தவர்கள் தயங்காமல் லஞ்ச ஒழிப்புத் துறையில் புகார் கொடுக்க வேண்டும்.

கேள்வி: எங்கள் தெருவில் ஒரு பெண்மணியிடம் தீபாவளிச் சீட்டும் நகைச் சீட்டும் கட்டினோம். எல்லாம் ரொக்கம். ரசீது கிடையாது, ஒரு சிறிய அட்டையில் கையெழுத்துப் போட்டுத் தருவார். இப்போது வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார். ஆதாரம் இல்லாமல் புகார் கொடுத்துப் பயன் உண்டா?
(வாசகி, மதுரை)

ஆதாரம் இல்லை என்று யார் சொன்னது, அம்மா? அந்த அட்டையே ஆதாரம். அதிலிருக்கும் கையெழுத்து அவருடையது என்று கையெழுத்து நிபுணர் சொல்ல முடியும். ஒருவரிடம் மட்டும் இருந்தால் அதை மறுக்கலாம். ஐம்பது பேரிடம் ஒரே கையெழுத்தில் ஒரே மாதிரி அட்டை இருந்தால் மறுப்பது எளிதல்ல. எனவே தனித்தனியாகப் போகாமல், தெருவில் கட்டியவர்கள் அனைவரும் சேர்ந்து, பெயர், கட்டிய தேதிகள், தொகை ஆகியவற்றோடு ஒரே பட்டியலாக எழுதிக்கொண்டு செல்லுங்கள். பதிவு பெற்ற சீட்டுக்கு 1982ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டப்படி, சீட்டு நடத்துபவர் சீட்டுத் தொகைக்கு ஈடான பிணையைப் பதிவாளரிடம் கட்ட வேண்டும். உங்கள் சீட்டுக்கு அது இருக்காது. ஆனால் பதிவில்லாமல் பொதுமக்களிடம் பணம் வசூலித்தது அவருடைய குற்றமே தவிர உங்களுடையது அல்ல. அதற்கு அஞ்சிப் பலர் புகார் கொடுக்காமலே இருந்துவிடுகிறார்கள்.

அட்டைகளின் மூலத்தை யாரிடமும் கொடுக்காதீர்கள். காவல் நிலையத்தில் கொடுக்கும்போதும் அதற்கு ஒப்புகை வாங்கிக்கொண்டே கொடுங்கள். “பணத்தைத் தருகிறேன், அட்டையைக் கொடுங்கள்” என்று உறவினர் யாராவது வந்தால், முழுத்தொகையும் கையில் வரும் வரை அட்டை உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும். அவரோடு நீங்கள் கைப்பேசியில் பேசியதும் வாட்ஸ்அப்பில் எழுதியதும் இருந்தால் அழிக்காதீர்கள், போனையும் மாற்றாதீர்கள். சீட்டுப் பணம் கட்ட எந்த நகையை எந்த நாளில் அடகு வைத்தீர்கள் என்பதற்கு அடகுக் கடை ரசீது இருக்கும். வங்கியிலிருந்து எடுத்துக் கொடுத்திருந்தால் பாஸ்புத்தகத்தில் பதிவு இருக்கும். அந்தத் தேதியும் அட்டையில் உள்ள தேதியும் ஒத்துப்போனால், ரொக்கமாகக் கொடுத்த பணத்துக்கும் தடம் கிடைத்துவிடும். மாதச் செலவை எழுதும் நோட்டு வீட்டில் இருந்தால் அதில் “சீட்டு” என்று எழுதிய வரிகளைத் தேடி வையுங்கள்; புலனாய்வு அதிகாரி கேட்காவிட்டாலும் அந்த நோட்டையும் அவர் மேசையில் வைத்துவிட்டு வாருங்கள்.